நிலுவையில் ஒரு ‘வாரேன்’

ரொட்டிக் கடைக்காரி ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பேச்சிமுத்து வாங்கிக்கொண்டு, கதவருகே திரும்பி, "வாரேன்" என்றான். சட்டைக் காலரில் குத்தியிருந்த பொத்தான் அதை அவளுடைய மொழியில் சொன்னது. அவள் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். பொத்தான் அதைச் செய்தி வாசிக்கிற தமிழில் அவன் காதுக்குக் கொண்டுவந்தது.

"நன்று. காத்திருப்பேன்."

பரவாயில்லை, மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினான்.

ஹால்ம்வீக்கில் அவனுக்கு ஒட்டாமல் போனது குளிர் அல்ல. குளிரோடுதான் அவன் பிழைப்பே. கோவில்பட்டியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், இங்கே துறைமுகத்து மீன் கிடங்கில் கம்ப்ரசர் பார்க்க வந்திருந்தான். ஒட்டாமல் போனது இந்த ஊர்க்காரர்கள் கிளம்புகிற விதம். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடிந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தலையாட்டல் கிடையாது. ஒருவன் பெண்டாட்டியை ரயிலேற்றிவிட்டுச் சண்டை போட்டவன் மாதிரித் திரும்பி நடந்ததைப் பேச்சிமுத்து கண்ணாலேயே பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக அவனைத் தேடவும் இல்லை.

இவர்களைப் போல ஆகிவிடக் கூடாது என்று அவன் வீம்பாகவே இருந்தான். முடிவெட்டுகிற கடையிலும் சரி, தபால் நிலையத்திலும் சரி, கிளம்பும்போது சிரித்துக்கொண்டு "வாரேன்" என்றான். செருப்புத் தைக்கும் ஓடுன் என்ற கிழவரின் கடையில் பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றிக்கொண்டு கிளம்பியபோது இரண்டு தடவை சொன்னான். அவனைப் பிடித்துப்போன கிழவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஒன்றுபோல "காத்திருப்பேன்" என்றார்கள்.

பொத்தானை விமான நிலையத்தில் குத்திவிட்டிருந்தார்கள். அப்போது ஒரு அதிகாரி விளக்கம் சொன்னார். "இந்நாட்டில் சொல் நிலுவையில் நிற்கும்" என்று அது மொழிபெயர்த்தது. அரசாங்க ஆபீஸ் சுவரில் எழுதிப்போடுகிற ஏதோ வாசகம் என்று நினைத்துத் தலையாட்டினான். அடுத்ததாகச் சொன்னதுதான் அவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. பொத்தானில் ஒரு சின்ன விளக்கு. அது பச்சையாக எரிந்தால் நம்பத் தகுந்த ஆள். குளிர்காலம் முடியும்போது பச்சை எரிந்தால் மனைவி கோமதியையும் மகள் தாமிராவையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கிடையாது. மறுபடி கேட்கவும் முடியாது.

விளக்கு மஞ்சளானது மருந்துக் கடை வரிசையில் நின்றபோது. அவன் பார்க்கவில்லை. முன்னால் நின்றவள் திரும்பி அவன் காலரைப் பார்த்து, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். பின்னால் நின்றவர் ஓரடி நகர்ந்தார். குனிந்து பார்த்தான். கட்டை விரலால் துடைத்துப் பார்த்தான். மஞ்சள்தான்.

அவன் கேட்ட காது மருந்து கையிருப்பில் இல்லை. வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டான்.

"உங்களுக்காக வரவழைக்க இயலாது. மன்னிக்கவும்."

"ஏங்க?"

"நீங்கள் வருவீர்கள் என்று கொள்வதற்கில்லை."

வெளியே வந்தான். எதிர்ச்சாரியில் முடிவெட்டுகிறவன் கதவில் சாய்ந்து நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சிமுத்து கையைத் தூக்கினான். அவன் உள்ளே போய்விட்டான்.

அன்று கோமதி போனில் முதலில் கேட்டதே அதைத்தான். "லைட்டு பச்சதான?"

"ம்."

"என்ன ‘ம்’? இங்க இவ தினமும் பெட்டிய எடுத்து வச்சு அடுக்கிக்கிட்டு இருக்கா. உங்கள நம்பித்தான் பள்ளிக்கூடத்துல டீசி கேட்டுருக்கேன்."

"பச்சதான்" என்றான்.

அவன் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யோகேஸ்வரி ஒரு லாண்டரி வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. அவனைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அந்த வட்டாரத்தில் பொத்தான் இல்லாமல் அவன் பேசக்கூடிய ஒரே ஆள். ஆனாலும் பொத்தானைக் கழற்ற அனுமதி கிடையாது. அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். துணியைக் கொடுக்கப் போனபோது அவள் காலரைப் பார்த்தாள்.

"இதென்ன தம்பி, மஞ்சள் எரியுது? ஆருக்கும் சொல்லுக் குடுத்தனீரோ?"

"நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலக்கா. ரொட்டி வாங்குனேன். முடி வெட்டுனேன். அம்புட்டுத்தான்."

"வெளிக்கிடேக்க என்ன சொல்லுறனீர்?"

"என்ன சொல்லுவாக? வாரேன்னு சொல்லுவேன்."

அவள் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரம் ஆனது.

"பேரிலயும் பேச்சு, வாயிலயும் பேச்சு. எனக்கும் வந்த புதுசில இந்தக் கூத்து நடந்தது. மீன் கடைக்காரன், பாவம், பூட்டாமல் இருந்தவன்."

"அது சும்மா சொல்றதுக்கா."

"உமக்கும் எனக்கும் சும்மா. இந்தப் பொத்தானுக்குச் சும்மா எண்டு ஒண்டு இல்லை. நீர் வாறன் எண்டு சொல்ல, இது ‘திரும்பி வருவேன்’ எண்டு சொல்லும். அவை ‘காத்திருப்பேன்’ எண்டு சொன்னால் முடிஞ்சுது. ஒப்பந்தம். போகாட்டில் நீர் சொல்லு மாறின ஆள்."

"அப்ப என்னதான் சொல்லணும்? போறேன்னா?"

அவள் முகம் மாறியது. "அதைச் சொல்லாதேயும்" என்றாள். பிறகு போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். "ஒண்டும் சொல்லாமல் திரும்பிப் போம். இஞ்சத்தை ஆக்கள் மாதிரி. பழகீடும்."

"உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போவாரா?"

"அவர் கப்பலில. வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். கப்பல் வந்திட்டுது, அவர் வரேல்லை. அந்தச் சொல்லு இன்னும் நிலுவையில நிக்குது. நிக்கிற மட்டும் செத்தவர் எண்டு எழுத இவையளால ஏலாது. இந்தக் கடையும் மேல வீடும் அவற்ற பேரில அப்பிடியே இருக்கு."

துணி வெளுக்கும் கூலியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவன் துணிப்பையை மேசையில் வைத்தான்.

"சரிக்கா. அப்ப நான் வா..."

அவள் எட்டி, கட்டை விரலால் அவன் பொத்தானை அழுத்தி மூடினாள்.

மறுநாள் சொல் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மார்னா என்ற அதிகாரி அவனை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். கேட்கத் தயாரா என்றாள். அறைக்குள் அவன் குரல் ஒலித்தது. வாரேன். பின்னால் காபி இயந்திரத்தின் சத்தம். வாரேன். கத்தரிக்கோல். வாரேன், வாரேன். மழை. அது ஓடுன் கடை. எல்லாக் குரலிலும் ஒரு சிரிப்பு இருந்தது. தன் குரல் இவ்வளவு நல்லவன் குரலாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காத்திருந்தார்" என்றாள் மார்னா.

"எங்க ஊர்ல அது ஒரு மரியாதைங்க. கிளம்புறப்ப சொல்றது."

"காத்திருக்க வைப்பது மரியாதையா?"

அவன் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டான்.

"இப்படி ஒரு சட்டம் எதுக்குங்க?" என்று கேட்டான். "மனுசன் ஒரு வார்த்த வாய் தவறிச் சொல்லக்கூடாதா?"

"எங்கள் பெற்றோர் காலத்தில் எது மனிதக் குரல், எது இயந்திரம் செய்த குரல் என்று தெரியாமல் போயிற்று. என் தந்தையை அவருடைய இறந்த சகோதரியின் குரலில் அழைத்து ஏமாற்றினார்கள். அவர் பிறகு யாருடைய குரலுக்கும் கதவு திறக்கவில்லை, என் குரலுக்கும்கூட. ஊரே அப்படி ஆனது. கடைசியில் ஒரு முடிவெடுத்தோம். நேரில் நின்று சொல்லும் சொல்லை மட்டும் நம்புவது. அதை முழுமையாக நம்புவது."

பொத்தான் இதை ஏற்ற இறக்கமின்றிச் சொன்னது. அவள் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"இந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லை நிறைவேற்றுங்கள். பச்சை திரும்பும். உங்கள் குடும்பம் வரலாம்."

அவ்வளவு எளிதாக இருந்ததே அவனுக்குப் பயமாக இருந்தது.

ரொட்டிக் கடையிலிருந்து தொடங்கினான். அவள் அவனைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "தினமும் ஒன்று எடுத்து வைத்தேன்" என்றாள். "மறுநாள் கோழிகளுக்குப் போட்டேன்." தன் பொத்தானைத் தொட்டு, நிறைவேறியது என்றாள். அவனுக்குத் தோள் இறங்கியது. ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"ரொம்ப சந்தோஷம். வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது. திரும்பினான். அவள் அதற்குள் சொல்லிவிட்டாள்.

"காத்திருப்பேன்."

தெருமுனை வரை போய்விட்டு மறுபடி வந்து, ஒன்றும் வாங்காமல், அதை நிறைவேற்றினான். இந்தத் தடவை உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். முடிவெட்டுகிற கடையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வெளியேறினான். உள்ளே காத்திருந்தவர்கள் அவனுக்குப் பல்வலி என்று நினைத்திருப்பார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு முதுகு வேர்த்திருந்தது.

அறையில் கண்ணாடி முன் நின்று, பேச்சை முடித்ததும் சட்டென்று திரும்பிப் பழகினான். பழகப் பழக அது கைவந்தது. கோமதி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சு முடிந்தது என்று தோன்றியவுடன் வைத்துவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பாதில வச்சிட்டீக? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வாரேன்னு சொல்லிட்டு வைக்கவேண்டியதுதான?"

அவன் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டான்.

கடைசியாக ஓடுன் கடை. பூட்டியிருந்தது. பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெண் வெளியே வந்தாள்.

"ஓடுன் போன வாரம் இறந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. நெஞ்சு."

அவன் கடைக் கண்ணாடியைப் பார்த்தான். உள்ளே நாற்காலி கதவைப் பார்த்துப் போட்டிருந்தது.

"அந்த அயல்நாட்டுக்காரர் நீங்கள்தானா?" என்றாள் அவள். "இருட்டுவதற்கு முன்பே பூட்டிவிட்டுப் போகிறவர். நீங்கள் சொல்லிவிட்டுப் போன பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு முறை சொன்னார் என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னார். அவருக்கு யாரும் அப்படிச் சொல்லிப் பல காலம் ஆயிற்று. மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்."

குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலாக ஏதாவது சொல்லியிருப்பான். அவள் பேசி முடித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"இறந்தவருக்குக் கொடுத்த சொல்லை நிறைவேற்ற முடியாது" என்றாள் மார்னா. "அது அப்படியே நிற்கும். மஞ்சள் மாறாது."

"என் பொண்டாட்டி பிள்ளைங்க?"

"வர இயலாது."

அவன் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். ஊரில் டீசி வாங்கியிருப்பார்கள். பெட்டி அடுக்கியிருப்பாள்.

"வேற வழியே இல்லையாங்க?"

மார்னா சற்று யோசித்தாள். "ஒன்று உண்டு. விடைபெறும்போது சொல்லப்படும் அந்தச் சொல்லுக்கு உங்கள் மொழியில் பொருளே இல்லை, அது வெறும் ஒலி என்று நீங்கள் உறுதிமொழி அளிக்கலாம். ஏற்கப்பட்டால் நீங்கள் சொன்ன எல்லாமே ஒலியாகிவிடும். ஓடுனிடம் சொன்னதும். ஆனால் அது உங்களுக்கு மட்டும் அல்ல. உங்கள் மொழி பேசும் எல்லோருக்கும் பொருந்தும்."

"சரிங்க. குடுக்கேன்."

"பொறுங்கள். அந்தச் சொல்லை நம்பி இந்நகரில் இன்னொருவர் இருக்கிறார். கடலிலிருந்து திரும்பாத ஒருவரின் மனைவி. அவர் சம்மதிக்க வேண்டும்."

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் போனபோது யோகேஸ்வரி கடையில் ஆளில்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தேத்தண்ணி ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. ஓடுன் செத்தது, மார்னா சொன்னது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"நீங்க சம்மதிச்சா உங்க வீட்டுக்காரர் சொன்னதும் செல்லாமப் போயிரும்க்கா. செத்துட்டாருன்னு எழுதிருவாக. கடையும் வீடும் என்னாகும்னு தெரியல. எனக்குக் கேக்க நாக்கு கூசுது. ஆனா கேக்கத்தான் வந்திருக்கேன்."

"வடிவாத்தான் கேக்கிறீர்" என்றாள்.

ஒரு இயந்திரம் சுற்றி நின்றது. அவள் எழுந்துபோய்த் துணியை எடுக்கவில்லை.

"சம்மதிக்க மாட்டன்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பொருள் இல்லாட்டில் அந்த மனுசன் அதைச் சொல்லிப்போட்டெல்லோ போயிருப்பார்."

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"ஆள் கடலில தவறி விழுந்திட்டார் எண்டு சொல்லிப்போட்டுக் கப்பல்காரர் கேட்டவை. கடைசியா என்ன சொன்னவர் எண்டு. அவற்ற பொத்தான் உப்புத்தண்ணியில கெட்டுப்போச்சு. என்ர பொத்தான் கழட்டின சட்டையோட அடுக்களையில கிடந்தது. அவர் சொன்னது வேற ஒருத்தருக்கும் கேக்கேல்லை. வாறன் எண்டு சொன்னவர் எண்டு நான்தான் சொன்னனான்." அவள் தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டாள். மூடவில்லை. "அவர் வாசலில நிண்டு சப்பாத்து மாட்டினவர். என்னைப் பாத்தவர். ‘போறன்’ எண்டவர்."

பேச்சிமுத்து நிமிர்ந்தான்.

"எங்கட ஆக்கள் வாய் தவறியும் சொல்லாத சொல்லு. எனக்கு அப்பவே விளங்கீட்டுது, அவர் தவறி விழப்போறேல்லை எண்டு. மறிச்சிருக்கலாம். சோறு அடுப்பில இருந்தது. பேந்து இவையளிட்ட அதைச் சொன்னால் இந்தப் பொத்தான் ‘செல்கிறேன்’ எண்டு சொல்லும். அவையும் தலையாட்டிப்போட்டு எழுதுவினம். அதுக்குள்ள என்ன கிடக்குது எண்டு ஆருக்கு விளங்கும்?"

அவள் பொத்தான் கரகரத்தது. செய்தி வாசிக்கிற குரல் சத்தமாகவே பேசியது. "இக்கூற்று உங்கள் முந்தைய கூற்றுக்கு முரணாக உள்ளது. உறுதி செய்கிறீர்களா?"

"அக்கா, வேண்டாம்" என்றான்.

"ஓம்" என்றாள்.

விளக்கு மஞ்சளுக்குப் போகாமல் நேராகச் சிவப்பானது.

"அவர் அதைச் சொல்லேல்லை எண்டு ஆச்சுது. இனி என்ர சம்மதம் ஒருத்தருக்கும் தேவையில்லை" என்றாள். "போய்ச் சொல்லும், பொருள் இல்லை எண்டு. உமக்கு வாய் வருமோ எண்டுதான் தெரியேல்லை. தேத்தண்ணி ஆறுது, குடியும்."

வாய் வந்தது. மறுநாளே மார்னா முன் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். விடைபெறும்போது சொல்லப்படும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டா? இல்லை. அதைச் சொல்பவர் திரும்பி வரக் கருதுகிறாரா? இல்லை. கேட்பவர் எதிர்பார்க்கிறாரா? இல்லை. மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் தாமதித்தான். விளக்கு பச்சையானது.

யோகேஸ்வரியின் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அவளை வேறு நகரத்துக்கு அனுப்பினார்கள், எந்த நகரம் என்று சொல்லவில்லை. அவள் கிளம்பிய அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பனி உருகும்போது கோமதியும் தாமிராவும் வந்தார்கள். தாமிரா பள்ளியில் சேர்ந்தாள். அம்மாவைவிடச் சீக்கிரம் ஊரைப் பிடித்துக்கொண்டாள். ஊர்மொழி பொத்தான் இல்லாமலே வந்துவிட்டது. அவர்கள் தமிழில் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் பொத்தான் ஒன்றும் சொல்லாது. கோமதி ரொட்டிக் கடையில் சிரித்துக்கொண்டே சொல்வாள். கடைக்காரி அடுத்த ஆளைப் பார்ப்பாள். இருமலைப் போல அது காற்றில் போய்விடும்.

துறைமுகத்துப் பாலத்தில் பஸ் சறுக்கியதாக ஒரு நாள் காலை செய்தி வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். தாமிரா போகிற பஸ் அந்த வழியில்லை. ஆனாலும் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அவனும் கூடவே வந்து நின்றான்.

"வாரேம்பா" என்றாள்.

"எப்ப வருவ?"

"அதான் வாரேன்னு சொன்னேம்லா."

"அது செல்லாது. முழுசாச் சொல்லு."

தாமிரா அவனைப் பார்த்தாள். அடி வாங்கியவள் மாதிரிப் பார்த்தாள். சமையலறையில் கோமதி குழாயை மூடினாள்.

"முழுசாச் சொல்லு தாமிரா."

அவள் அதை ஊர்மொழியில் சொன்னாள். பள்ளி முடிந்ததும் இவ்வீட்டுக்குத் திரும்பி வருவேன். பொத்தான் ஏற்றுக்கொண்டது. "காத்திருப்பேன்" என்றான் அவன்.

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.